அம்மா குளிக்கும் நேரம்

மகளுக்கு ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "லேசா சளி" என்றாள். இன்ஹேலரைப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு, ஏதோ திருட்டு நகை மாதிரி அலமாரி உச்சியில் ஒளித்துவைத்தாள். தினமும் இரண்டு வேளை இழுக்க வேண்டும், நிறுத்தக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இளைப்பு அடங்கியதுதான் தாமதம், அம்மா நிறுத்திவிட்டாள்.

"நல்லாத்தானே இருக்கே? மருந்து பழகிடும்."

நன்றாக இருப்பதே அந்த மருந்தால்தான். அதை அம்மாவிடம் யார் சொல்வது?

அப்புறமென்ன, மறுபடி இருமல். விடிய விடியத் தூக்கமில்லை, பரீட்சையில் கோட்டை விட்டாள், மூச்சு விடும்போது வரும் சத்தத்துக்காக வகுப்பில் 'விசில்' என்று பட்டப்பெயர் வேறு. விளையாட்டு நேரத்தில் எல்லாரும் ஓட, இவள் மட்டும் அவர்களுடைய தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல். பாட்டில்கள் எங்கே ஓடிப்போகுமோ, கடவுளுக்கே வெளிச்சம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தடவையாவது ஓட வேண்டும்.

நல்லவேளையாக அம்மாவுக்குக் காலையும் மாலையும் குளிக்கும் பழக்கம். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்ததும் மகள் முக்காலியில் ஏறுவாள். மருந்தை இழுத்து, வாயைக் கொப்பளித்து, கூட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். நாளடைவில் இருமல் போன இடம் தெரியவில்லை. விளையாட்டு ஆசிரியரே அவளை ஓட்டப்பந்தயத்தில் சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவதாக வந்தாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் மூடி மறைத்த வியாதியை இப்போது மைதானத்துக்கே தம்பட்டம் அடித்தாள்.

"இவளுக்கு இளைப்பு இருந்துச்சு. ஒரு மருந்து கிடையாது. வெந்நீரும் என் கண்டிப்பும்தான்."

பக்கத்து வீட்டு அத்தை வாயைப் பிளந்தாள். அவள் மகனுக்கும் இதே தொல்லை.

"அப்படியா? அப்ப நாளையிலேருந்து நானும் பையனுக்கு இன்ஹேலரை நிறுத்திடறேன்."

மகளுக்குப் பகீரென்றது. வாயைத் திறந்தால் மருந்து பூட்டுக்குள் போய்விடும், ஓட்டமும் போச்சு. திறக்காவிட்டால் அந்தப் பையன் படுத்துவிடுவான்.

"நிறுத்தாதீங்க அத்தை. எனக்கு மருந்துலதான் சரியாச்சு. அம்மா குளிக்கப் போறப்பல்லாம் திருட்டுத்தனமா இழுத்தேன்."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மகளின் கையை வெடுக்கென்று பிடித்தாள்.

"வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

"வர்றேன்மா. ஆனா இனிமே நீ குளிக்கப் போற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். உன் எதிரிலேயே இழுப்பேன்."