உச்சியில் மூன்று விநாடி

திண்டுக்கல்லுக்கு வடக்கே இருக்கும் அந்தப் பழைய புகையிலைக் குடோனுக்குள் இப்போது ஒரு ரயில் ஓடுகிறது. ஏறி, வளைந்து, தலைகுப்புற இறங்கி, ஒன்றரை நிமிஷத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிற விளையாட்டு ரயில். வாசல் வளைவில் ‘சு.மு. புகையிலைக் குடோன், 1951’ என்ற சிமெண்ட் எழுத்துகளைப் பெயர்க்காமல் விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வண்ண பல்புகளுக்கு நடுவில் ‘சுரங்க ரயில்’ என்ற பலகை.

சுப்புராஜ் காரைப் பூட்டிவிட்டு இரண்டையும் பார்த்தார். மேலே இருப்பது அவருடைய அப்பாவின் எழுத்து. இடத்தை வாடகைக்கு விட்டது அவருடைய மகன். இவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. எழுபத்தைந்து வயதிலும் கூனாத முதுகும் மடிப்புக் கலையாத வேட்டியுமாக இன்று அவர் வந்தது வேடிக்கை பார்க்க அல்ல.

போன வாரம் முடிதிருத்தும் கடையில் இரண்டு பையன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஏலே, அந்த ரயிலு உச்சில போய் நிக்கும்போது ஒரு பொம்பளக் குரல் கேக்குதாம்ல.”

“குடோன்கார வீட்டுப் பொண்ணுதான்டா. எவனையோ காதலிச்சுச்சுன்னு அண்ணங்காரனே கொன்னு குடோனுக்குள்ள பொதச்சுட்டானாம். எங்க தாத்தா சொன்னாரு. பொணத்தை ஊருல ஒருத்தரும் பாக்கலையாம்.”

அந்த அண்ணன்காரன் அடுத்த நாற்காலியில் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். கத்தியை வைத்திருந்தவரின் கை நின்றுவிட்டது. சுப்புராஜ் மட்டும், “ம், வழிச்சு விடு” என்றார்.

கஞ்சன் என்றால் பொறுத்துக்கொள்வார். திமிர் பிடித்தவன் என்றால் உள்ளுக்குள் சந்தோஷப்படுவார். கொலைகாரக் குடும்பம் என்ற பேச்சை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

குடோனை நடத்தும் இனிகோ ஓடிவந்து நாற்காலி போட்டான். சுப்புராஜ் உட்காரவில்லை.

“கூட்டம் சேக்குறதுக்கு எங்க வீட்டுப் பிள்ளையப் பேயாக்கிட்டீங்களா தம்பி?”

“ஐயா, மாதா சத்தியமா நாங்க உள்ள ஒரு ஸ்பீக்கர்கூட வைக்கல. இந்த ரயிலுக்குப் பேய் எதுக்குங்கய்யா? இருட்டே போதும்.”

“இருட்டுல என்ன இருக்கு?”

அவனுக்குப் பிடித்த பேச்சு அது. பயத்தை மறந்து சொல்ல ஆரம்பித்தான். “வெட்டவெளில ஓடுற ரயிலுன்னா, இம்புட்டுத்தான் உயரம், அங்கிட்டு வளையும், இங்கிட்டு இறங்கும்னு கண்ணு முன்னாடியே சொல்லிப்புடும். உள்ள கண்ணுக்கு வேலையே இல்ல. முப்பதடியும் முந்நூறடிதான். செவுரு பக்கத்துல வாரது மூஞ்சில அடிக்கிற காத்துலதான் தெரியும். உத்தரம் தலைல இடிச்சிரும்னு எல்லாரும் குனிவாங்க. இடிக்காது. உச்சில மூணு செகண்டு நிறுத்துவோம். அப்ப ஒருத்தரும் மூச்சு விடமாட்டாங்க. செத்தோம்னு நெனச்சவன் சாகாம கீழ வந்து நிக்கிறான்ல, அந்தச் சந்தோசம் வேற எங்கய்யா கெடைக்கும்? எறங்குனவன் நேரா மறுபடி வரிசைலதான் போய் நிக்கிறான்.”

“குரலு?”

இனிகோ தலையைச் சொறிந்தான். “போன ஆவணில திறந்தோம். திறந்த பத்தாம் நாள்லருந்து கேக்குது. நானும் கேட்டிருக்கேன். ஐயா, ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பொண்ணு எப்படி இறந்துச்சுன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா, வாசல்ல எழுதி வச்சிர்றேன். வாய் மூடிரும்.”

மதுரையில் அத்தை வீட்டில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். நாற்பத்தாறு வருஷமாகச் சொல்லிவந்தது அவர் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

“மொதல்ல நான் ஏறிப் பாக்குறேன்” என்றார்.

ரயிலை இயக்குகிற பெண் சத்யபிரியா அவரை முதல் பெட்டியில் உட்கார வைத்தாள். மடியின் குறுக்கே இறங்கும் கம்பியை இழுத்துப் பூட்டினாள். இருவர் உட்காரும் இருக்கை. பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. அவருக்குப் பின்னால் கல்லூரிப் பிள்ளைகள் ஏழு பேர்.

“தாத்தா, கண்ணாடியக் கழட்டிக் குடுங்க. கம்பிய விட்ராதீங்க.”

கதவு திறந்தது. உள்ளே போனதும் மூடிக்கொண்டது.

முதலில் வந்தது வாசனை. எத்தனை வர்ணம் அடித்தும் சுவர் புகையிலையை விடவில்லை. அடியில் சங்கிலி பல் பல்லாகக் கடித்து ரயிலை மேலே இழுத்தது. டக், டக், டக். ஒவ்வொரு சத்தத்துக்கும் முதுகு இருக்கையில் அழுந்தியது. எவ்வளவு உயரம் வந்துவிட்டோம் என்று தெரியவில்லை. அவருக்கு இந்த உயரம் தெரியும். கூரைவரை அடுக்கிய புகையிலைச் சிப்பங்களின் உயரம் இது.

வேலையாட்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் எட்டு வயதுத் தங்கை அன்புக்கரசி கதவுகளைச் சாத்திவிட்டு இருட்டில் அந்த அடுக்கின்மேல் ஏறுவாள். சிப்பங்களை மூடிய தார்ப்பாயில் மேலிருந்து சறுக்க வேண்டும். கீழே இவர் கையை விரித்துப் பிடிக்க வேண்டும். அண்ணன் நிற்கும் இடம் அவளுக்குத் தெரியாது. “அண்ணே, வாரேன்!” என்பாள். இவர் “வா” என்று சொன்னால் அந்தக் குரல் வந்த திசையில் சறுக்குவாள். சொல்லாவிட்டால் சறுக்கமாட்டாள். வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நிற்பார். மேலே பயத்தில் சிரிக்க ஆரம்பிப்பாள். சிரிப்பு முடியும்போது ஒரு விக்கல் வரும். அவளுக்குப் பயம் வந்தால் சிரிப்புத்தான்.

சங்கிலி நின்றது. பின்னால் ஒருவரும் மூச்சு விடவில்லை.

“அண்ணே, வாரேன்.”

இடது காதுக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி. பிறகு சிரிப்பு. சிரிப்பின் முடிவில் விக்கல்.

சுப்புராஜின் தாடை இறுகிக்கொண்டது. அன்றும் இப்படித்தான் இறுகியது. இருபத்திரண்டு வயதில் அவள் கையில் ஒரு பையோடு இதே குடோனின் பின்கதவில் வந்து நின்றாள். வெளியே லாரி டிரைவர் மொக்கைச்சாமி வண்டியை அணைக்காமல் காத்திருந்தான். குடும்பத்துக்கு ஆகாத இடத்துப் பையன். ஒருவரிடமும் சொல்லாமல் போயிருக்கலாம். அண்ணனிடம் மட்டும் சொல்லிக்கொள்ள வந்தாள். “அண்ணே, வாரேன்” என்றாள். போகிறவர்கள் அப்படிச் சொன்னால், இருப்பவர்கள் ‘போயிட்டு வா’ என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும். அவர் கதவைச் சாத்தினார். மறுநாள் விடியுமுன் அப்பா எல்லோரையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், செத்தவளுக்குச் செய்வதுபோல் தலைமுழுக வைத்தார். அன்றிலிருந்து சுப்புராஜ் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் ‘வாரேன்’ என்று சொன்னதில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார்.

ரயில் விழுந்தது. வயிறு மேலேயே நின்றுவிட, உடம்பு மட்டும் இறங்கியது. பின்னால் பிள்ளைகள் கத்தினார்கள். வளைவில் சுவர்க் காற்று கன்னத்தில் அறைந்தது. அவர் குனியவில்லை.

வெளிச்சத்தில் வந்து நின்றதும் ஒரு பையன் குதித்து இறங்கினான். “கேட்டியாடா? கொன்னவனத் தேடித்தான்டா அண்ணே அண்ணேன்னு அலையுது!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சத்யபிரியா, “ஏய், சும்மா இருங்கப்பா” என்றாள். இனிகோ சுப்புராஜின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தான்.

சுப்புராஜ் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே பேசினார். பஞ்சாயத்தில் பேசுகிற அதே குரல்.

“அந்த அண்ணன் நாந்தான்.”

சிரிப்பு நின்றது.

“என் தங்கச்சி பேரு அன்புக்கரசி. அவளை ஒருத்தரும் கொல்லல. அவளா பிரியப்பட்டவன்கூடப் போனா. மஞ்சக் காமாலைன்னு நாங்க சொன்னது பொய். எரியோட்டுலதான் இருந்தா. இங்கருந்து முக்கா மணி நேரம். பேரன் பேத்தியெல்லாம் எடுத்துட்டு, போன ஆவணிலதான் செத்தா. அவ மக போன் பண்ணி, மாமா, வந்து கோடித்துணி போடுங்கன்னுச்சு. நாங்க எப்பவோ தலைமுழுகியாச்சுன்னு சொல்லிப் போனை வச்சுட்டேன். நடந்தது இம்புட்டுத்தான். ஊருல போய் இதைச் சொல்லுங்க.”

குதித்து இறங்கிய பையன் தரையைப் பார்த்தான். இத்தனை வருஷம் பாதுகாத்த மானத்தை, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு நடுவில் தானே இறக்கி வைத்துவிட்டார். ஆனாலும் முதுகு நிமிர்ந்தேதான் இருந்தது.

“தாத்தா, கம்பியத் தூக்கவா?” என்றாள் சத்யபிரியா.

“வேண்டாம்மா. இன்னொரு தடவ விடு.”

“யாரும் ஏறலையே தாத்தா.”

“நான் ஒருத்தன் போதும்.”

அவள் இனிகோவைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

மறுபடி கதவு மூடியது. மறுபடி புகையிலை. டக், டக், டக். ரயில் கீழே வந்து நின்றுவிடும் என்று தெரியும். ஒரு முறை பார்த்தாயிற்று. ஆனாலும் உச்சி நெருங்க நெருங்க நெஞ்சு அடித்துக்கொண்டது. சங்கிலி நின்றது.

ஒரு விநாடி. ஒன்றும் இல்லை. கேட்காமலேயே போய்விடுமோ என்று பயந்தார். இரண்டு.

“அண்ணே, வாரேன்.”

“வா” என்றார். நாற்பத்தாறு வருஷம் பூட்டிக்கிடந்த சொல், கரகரத்து வந்தது. கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறை, குடோன் முழுக்க எதிரொலிக்கக் கத்தினார். “வா தாயீ! இங்கதான் நிக்கேன்!”

ரயில் விழுந்தது. விழும்போது இடது தோளில் ஒரு சுமை வந்து சாய்ந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் சுமை. கடைசி வளைவு வரைக்கும் இருந்தது. வெளிச்சம் வந்தபோது பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. சட்டையின் இடது தோள் மட்டும் கசங்கியிருந்தது.

சத்யபிரியா கம்பியைத் தூக்கிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். சுப்புராஜ் சட்டையை நீவவில்லை. வாசல்வரை நடந்தார். வெளியே வடக்கே போகும் சாலை வெயிலில் நீண்டு கிடந்தது. காரைத் திறந்தவர், என்னவோ மறந்தவர்போல் திரும்பிவந்து நின்றார்.

“எரியோட்டுக்குப் போறேன்” என்றார். பிறகு திருத்திக்கொண்டார். “போயிட்டு வாரேன்மா.”

“போயிட்டு வாங்க தாத்தா” என்றாள் அவள்.