குடிலுக்குப் போட்ட பனி

மூன்று மணி நேரம் பஸ்ஸிலும் ஜீப்னி வண்டியிலும் இடிபட்டு, ஐந்தாவது முறையாகக் கணவரோடு மணிலா நஷ்டஈட்டு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருக்கும் அபெயா மேடம் அதே கடிதத்தைத்தான் எடுத்து நீட்டினார். மின் நிலையத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற பொருளே இருந்ததில்லை என்று கம்பெனி எழுதியிருந்தது. அப்படியானால் என் கணவர் கிறிஸ்புலோ இருபத்திரண்டு வருடம் கொதிகலன் குழாய்களுக்குச் சூடு தாங்க எதைச் சுற்றினார், வாழை இலையையா?

"பொருளைக் காட்டுங்கம்மா. இல்லைன்னா அவரோட வேலை பார்த்த ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டு வரேன் மேடம். கல்லறைத் தோட்டத்துக்கு வண்டி அனுப்புவீங்களா?"

"விடு மிந்தா" என்று பெஞ்சிலிருந்த கிறிஸ்புலோ சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அவர் நுரையீரலில் ஆஸ்பெஸ்டாஸ் தூசி இருக்கிறது என்று டாக்டர் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டார். அது எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் ஆதாரம் வேண்டுமாம். நிலையத்தை இடித்து இரும்பையெல்லாம் விற்றாயிற்று. இப்போது அங்கே கோழிப் பண்ணை. கோழிகளையா சாட்சிக்கு அழைப்பது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கி எறிந்திருப்பேன். நஷ்டஈடு வந்தால்தான் அவருக்கு ஆக்சிஜன் என்பதால் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

செப்டம்பர் பிறந்தாலே எங்களுக்குக் கிறிஸ்துமஸ்தான். வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் ரொவேனா கட்டிலுக்கு அடியிலிருந்து கிறிஸ்துமஸ் குடில் பொம்மைப் பெட்டியை இழுத்து, ஆட்டையும் மாட்டையும் வெளியே எடுத்து வைத்திருந்தாள். பிறகு ஒரு சாக்கைப் பிரித்து, பனியை அள்ளி உதிர்க்க ஆரம்பித்தாள்.

எங்கள் நாட்டில் என்றைக்குப் பனி பெய்தது? ஆனாலும் பெத்லகேமில் பெய்திருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அந்தக் காலத்தில் டிசம்பர் வந்தால், மின் நிலையத்திலிருந்து குழாய்க்குச் சுற்றும் வெள்ளைப் பஞ்சை ஆளுக்கு ஒரு சாக்கு கொடுத்தனுப்புவார்கள். ஊழியர் குடியிருப்பு முழுக்க வீட்டுக்கு வீடு பனி கொட்டிக் கிடக்கும். சிறந்த குடிலுக்கு மேனேஜரே வந்து பரிசு கொடுப்பார்.

சாக்கை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். மின் நிலையத்தின் முத்திரை அப்படியே இருந்தது. அதன் கீழே கொட்டை எழுத்தில் ஆஸ்பெஸ்டாஸ். மடச்சி, முப்பது வருடம் அதன் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டு ஆதாரம் தேடி அலைந்திருக்கிறேன்!

மறுநாளே சாக்கைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அபெயா மேடம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதை முதல்லயே கொண்டு வந்திருக்கலாமேம்மா?"

"நீங்க ஆஸ்பெஸ்டாஸ்தானே மேடம் கேட்டீங்க. எங்க வீட்ல இது பனி."

மூன்று வாரத்தில் பரிசோதனை முடிவு வந்தது. மனுவை ஏற்றுக்கொண்டார்கள். நான் கிறிஸ்புலோவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன், சந்தோஷத்தில். இன்னும் ஒரே ஒரு படிவம்தான் பாக்கி என்றார் மேடம். கையெழுத்து அழகாக இருக்கும் என்று, கூட வந்திருந்த ரொவேனாவை அங்கேயே எழுத உட்கார வைத்தோம். மளமளவென்று எழுதிக்கொண்டே போனவள் கடைசிக் கேள்வியில் நின்றாள்.

"வீட்டுல வேற யாராவது இதைத் தொட்டாங்களான்னு கேக்குதும்மா. என் பேரைப் போடணுமா?"

அவளே அடுத்த வரியையும் படித்தாள்.

"எந்த வயசுலேர்ந்துன்னும் கேக்குது. அஞ்சுன்னு போடட்டுமா? அஞ்சு வயசுலதானே ஆடு மாடு அடுக்க ஆரம்பிச்சேன்?"

கிறிஸ்புலோ தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் பரிசு வாங்கிய வருடம் வாசலில் ஆளுயரத்துக்குக் குடில் போட்டிருந்தோம். அதில் குழந்தை இயேசு மட்டும் பொம்மை இல்லை. வைக்கோல் குத்துமே என்று, பனியைக் கையால் பிசைந்து மெத்தென்று பரப்பி, நான்தான் ரொவேனாவை அதில் படுக்க வைத்தேன்.

"நாப்பது நாள்னு போடு" என்றேன்.

ரொவேனா என்னையே பார்த்தாள். அபெயா மேடம் தொண்டையைச் செருமினார்.

"அதுக்கு ஏதாவது ஆதாரம்..."

"இருக்கு மேடம். கம்பெனி மேனேஜர் அந்தக் குடில் பக்கத்துல நின்னு சிரிக்கிற போட்டோ. எங்க வீட்டுக் கூடத்துல சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கேன்."