பன்னிரண்டு கிலோ

"அட, கனமே இல்லையே!"

மனசில் நினைத்ததை மாடி வீட்டுக்காரர் வாய்விட்டே சொல்லிவிட்டார். நான்கு பேர் நான்கு மூலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கியதில் உடம்பு தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. மற்ற மூவரும் அவரை முறைத்தார்கள். பாவம், நல்ல மனுஷன். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டு, இல்லாத கனத்தை இருப்பதுபோல் முக்கி முனகியபடியே கூடத்துப் பெஞ்சுவரை கொண்டுபோய் இறக்கினார்.

அறை வாசலில் நின்ற, இறந்தவரின் மனைவி அவரைப் பார்க்கவில்லை. தெருக்கதவைப் பார்த்தாள். ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்த மகள் தோளில் தொங்கும் பையோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள். காதில் விழுந்துவிட்டது.

"ஐம்பத்தெட்டுன்னாரே," என்றாள் மகள். "போன ஞாயித்துக்கிழமைகூட போன்ல சொன்னாரே. அரைக் கிலோ ஏறியிருக்குன்னு."

பக்கத்துக் கடைத் தையல்காரர் தரையைப் பார்த்தார்.

செத்துப்போனவர் முப்பது வருஷம் தராசு ரிப்பேர் செய்தவர். மார்க்கெட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் 'மில்லிகிராம்' என்பார்கள். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் எதையும் நிறுக்கக்கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. வயிற்றில் கட்டி என்று ஏழு மாதம் முன்பு தெரிந்தபோதும் டாக்டரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எடை குறையாம இருந்தா சமாளிச்சிடலாம்ல?" டாக்டர் தலையாட்டினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையானால் எடை பார்ப்பது வழக்கமாயிற்று. இரண்டாவது மாதம் ஒரே வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் இரண்டு நாள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், எடை மெஷினின் பின்பக்கத்தில் முள்ளை நகர்த்தும் சின்னச் சக்கரத்தை மனைவி கண்டுபிடித்தாள்.

கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கத் துணிந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மதியம் அவர் கண்ணயர்ந்ததும் சக்கரத்தைத் திருகுவாள். முள் பூஜ்யத்தில் இல்லாதது தெரியாமலிருக்க, பாதம் சில்லிடுமென்று சாக்குச் சொல்லி மெஷின்மேல் ஒரு துண்டை விரித்து வைப்பாள். அவர் ஏறி நின்றபிறகு நுனியை மட்டும் விலக்கிக் காட்டுவாள். தெருவே அவளுக்கு ஒத்து ஊதியது. தோய்த்துக் காயும் சட்டைகளைத் தையல்காரர் கேட்காமலே எடுத்துப் போய், பக்கவாட்டில் அரை விரல் பிடித்துத் தைத்து, மறுபடி கொடியிலேயே போட்டுவிடுவார். மாடி வீட்டம்மா படியிறங்கும்போதெல்லாம் "கன்னம் கொஞ்சம் பூசினாப்பல இருக்கே" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு போவாள்.

மகளுக்கு வெளியூரில் புது வேலை. ஆறு மாதம் லீவு கிடையாது. "வரட்டுமாப்பா?" என்று அவள் வாராவாரம் கேட்பாள். "எதுக்கு? ஐம்பத்தேழரை இருக்கேன். வேலையைப் பாரு," என்பார். மகளைக் கூப்பிடத்தான் மனைவிக்கும் ஆசை. கூப்பிட்டால் அவருக்கு விஷயம் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கையில், இன்று விடியற்காலை அவர் போய்விட்டார்.

மகள் நேராக அறைக்குள் போனாள். கட்டிலுக்கடியிலிருந்து மெஷினை இழுத்துத் துண்டை விலக்கினாள். அப்பாவின் பிள்ளை, ஏறி நிற்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தாள். ஆளில்லாத மெஷின் பன்னிரண்டு கிலோ காட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை மாசமா?"

"அஞ்சு."

"அவர் நம்பிட்டுப் போயிட்டாரு. நான் நம்பிட்டு வராம இருந்துட்டேன்." மகள் மெஷினை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினாள். "கடைசியா ஒரு தடவை நேர்ல பார்த்துப் பேச விடாம பண்ணிட்டியேம்மா."

விடிந்ததிலிருந்து அம்மாவும் தன்னைத்தானே இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு அறை விட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

"அம்மாவை ஒண்ணும் சொல்லாதே பாப்பா."

கடையில் அவரோடு இருபது வருஷமாக வேலை பார்த்தவர், எல்லோருக்கும் 'ஒல்லி', கையில் வாடகை நாற்காலிகளோடு அறை வாசலில் நின்றார். நாற்காலிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணன் நம்பலை," என்றார்.

இருவரும் திரும்பினார்கள்.

"மூணு மாசமிருக்கும். அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தீங்க. 'எண்ணெய் டப்பா எடுத்துட்டு வாடா'ன்னு போன் பண்ணாரு. வந்தேன். மெஷினைத் திருப்பிப் போடச் சொன்னாரு. 'அந்தச் சக்கரம் ரொம்ப இறுகிக் கெடக்குடா. அவளுக்கு ஏற்கெனவே விரல்ல மூட்டு வலி. சனிக்கிழமை இதைத் திருகிட்டு, ஞாயித்துக்கிழமை டம்ளரை ரெண்டு கையால புடிக்கிறா. கொஞ்சம் இளக்கி விடு'ன்னாரு."

சக்கரம் தேய்ந்துபோய்த்தான் லேசாகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள்.

"'தெரிஞ்சேவா ஏறி நிக்கிறீங்க'ன்னு கேட்டேன். 'துண்டைப் போட்டா எனக்குத் தெரியாதாடா? நம்பரைப் பாத்துட்டு அவ ஒரு சிரிப்பு சிரிப்பா பாரு, அதுக்காக ஏர்றேன்'னாரு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"அப்ப எனக்குச் சொன்னது?" என்றாள் மகள்.

ஒல்லி பிடரியைச் சொறிந்தார். "பாப்பாவை வரச் சொல்லலாமேண்ணேன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். வேலை போயிடும்னு..."

மனைவிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஒரே அறையில், ஒரு முழ இடைவெளியில், இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்தே மூன்று மாதம் கழிந்திருக்கிறது. அத்தனை சாயங்காலமும் மழை வருமா, தண்ணீர் வருமா என்று பேசித் தீர்த்திருக்கிறார்கள். அவரிடம் கேட்க அவளுக்கு எவ்வளவோ இருந்தது. அவருக்கும் சொல்ல இருந்திருக்கும். பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? இதே வார்த்தையை அவர் தன்னைப் பார்த்தும் கேட்கலாமே என்று தோன்றியதும் வெறும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான், அன்றைக்கு முதல் தடவையாக, அழுதாள்.

மகள் பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் வலது கையை எடுத்துப் பார்த்தாள். கணுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

"வலிக்குதாம்மா?"

பழக்கதோஷத்தில் 'இல்லை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"வலிக்குது," என்றாள். "ரொம்ப வலிக்குது."

மகள் அந்தக் கையை மடியில் வைத்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக நீவிவிட ஆரம்பித்தாள். வெளியே அமரர் ஊர்தி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒல்லி வாசலுக்குப் போய், கொஞ்சம் பொறுக்கும்படி டிரைவரிடம் சொன்னார்.