இரண்டாம் ரீல்

தெருவில் சுடுவது பிள்ளைகளின் காதில் விழக் கூடாது. லூசியேனை வரவழைத்தது அதற்காகத்தான்.

1955 ஏப்ரல் கடைசி. சைகோனில் அரசாங்கப் படையும் பின் சுயென் என்ற ஆயுதக் கும்பலின் ஆட்களும் தெருத்தெருவாக மோதிக்கொண்டிருந்தார்கள். கன்னியர் பள்ளி மண்டபத்தில், வடக்கிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அகதிப் பிள்ளைகள் முந்நூறு பேர் இருந்தார்கள். முந்தின நாள் குண்டுச் சத்தம் கேட்டதும் அதில் ஒரு கூட்டம் மிரண்டு, கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டது. இரண்டு பேரைப் பாயில் சுற்றித்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். கதவைப் பூட்டிவைக்கலாமென்றால் பள்ளிக்குப் பின்னால் குடிசைகள் எரிகின்றன. தீ இந்தப் பக்கம் திரும்பினால் வெளியேற அந்த ஒரு கதவுதான்.

படம் போட்டுப் பிள்ளைகளை உட்காரவைக்கலாம் என்று யோசித்தவர் மா சேர் தெரேஸ். காரைக்காலில் பிறந்த கன்னியர்; பிரெஞ்சில் கன்னியரை ‘மா சேர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். லூசியேனும் காரைக்கால்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஒலிபெருக்கி வண்டியோடு அலைந்தவன், இப்போது துறைமுகக் கிடங்கில் ராத்திரிக் காவல். புரொஜெக்டர் சைகோன் வியாபாரி அடைக்கப்பச் செட்டியாருடையது. இயந்திரத்தைத் தனியாக அனுப்ப மனம் வராமல் அவரும் கூடவே வந்திருந்தார்.

லூசியேன் பெஞ்சுமேல் பெஞ்சு போட்டுப் புரொஜெக்டரை ஏற்றினான். படுக்கை விரிப்பைச் சுவரில் ஆணியடித்து இழுத்துக் கட்டினான். ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் கோணியைத் திணித்தான். ஒலிபெருக்கிப் பெட்டியைத் திரைக்குக் கீழே வைக்கவில்லை. ஒயரை நீட்டி இழுத்து, தெருச் சத்தம் நுழையும் கதவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

செட்டியாருக்கு அது பிடிக்கவில்லை. “படத்துல இருக்கவன் பேசுறது வாசல்லேருந்து கேட்டா, பிள்ளைக சிரிக்காதா?”

“சிரிச்சா நல்லதுதான் செட்டியாரே.”

படம் ஒரு சர்க்கஸ் நாயைப் பற்றியது. முதல் ரீல் ஓடத் தொடங்கியதும் லூசியேன் ஒலியை முக்கால்வாசிக்குத் திருப்பினான். நாய் குரைத்தது, பேண்டு வாத்தியம் அதிர்ந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். வெளியே என்ன நடக்கிறது என்பது காலடியில் தரை நடுங்கியபோது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. மா சேர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார்.

ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் மாற்றும்போது சத்தம் நின்றுபோகும். அரை நிமிடம் ஆகும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தான். அரை நிமிடம் தாங்கும், அதற்கு மேல் பிள்ளைகளைத் தன்னால் பிடித்துவைக்க முடியாது என்று அவர் சொல்லியிருந்தார்.

முதல் ரீல் தீரும் தறுவாயில் இரண்டாவது டப்பாவைத் திறந்து பிலிமின் நுனியை விரலால் தடவினான். துளைகள் எதிர்ப்பக்கம் இருந்தன. ரீல் திருப்பிச் சுற்றப்படவில்லை. வால் வெளியே, தலை உள்ளே.

செட்டியாரின் காதருகே குனிந்து இதைச் சுற்றவில்லையா என்று கேட்டான். நகரத்தார் விடுதியில் படம் காட்டியவன் முதல் ரீலை மட்டும் சுற்றித் தந்துவிட்டுப் போய்விட்டானாம். மற்ற இரண்டையும் செட்டியார் கையாலேயே டப்பாவில் போட்டு மூடியிருக்கிறார். முடிந்த சாமானை முடிந்தபடியே கட்டிவைப்பது அவர் கிடங்கு வழக்கம்.

திருப்பிச் சுற்ற அந்தப் புரொஜெக்டரையே ஓட்டியாக வேண்டும். அரை நிமிடம் போதாது. மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும்.

முதல் ரீலின் நுனி பட்டென்று அடித்துக்கொண்டு கழன்றது. திரை வெள்ளையானது. அந்த நொடியே தெருவில் இயந்திரத் துப்பாக்கி கேட்டது. முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். அவளைப் பார்த்து ஒரு வரிசையே எழுந்தது.

லூசியேன் இரண்டாம் ரீலை மாட்டி மோட்டாரைப் பின்னோக்கி ஓடவிட்டான். புரொஜெக்டரின் ஒலிப் பகுதியில் மைக் செருக ஓர் ஓட்டை இருந்தது. கூடவே பெட்டியில் வந்த மைக்கைச் செருகி வாயருகே வைத்தான். வியட்நாமியத்தில் அவனுக்குப் பேரம் பேசத் தெரியும், திட்டத் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. ஆனால் எல்லாம் மாதா கோயில் பிள்ளைகள். அவன் கோயிலை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. இருந்தாலும் பூசைக்கு உதவிய காலத்து லத்தீன் புனிதர் மன்றாட்டு நாக்கில் கிடந்தது.

“சாங்க்தா மரியா,” என்றான். புனித மரியே.

கதவோரம் மா சேர் உடனே பதில் சொன்னார். “ஒரா ப்ரோ நோபிஸ்.” எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

“சாங்க்தே மிக்காயேல்.”

இந்தத் தடவை பாதி மண்டபம் பதில் சொன்னது. அடுத்த பேருக்கு முழு மண்டபமும் சொன்னது. எழுந்த வரிசை நின்றபடியே சொன்னது, உட்காரவில்லை, ஓடவும் இல்லை. லூசியேன் இடைவெளி விடாமல் பேர்களை அடுக்கினான். கபிரியேல், சூசை, அப்போஸ்தலர்கள். கண் ரீல்மேலேயே இருந்தது. பாதிகூடச் சுற்றி முடியவில்லை. அப்போஸ்தலர்கள் தீர்ந்தார்கள். தன் தாத்தா பேரைச் சொன்னான், சித்தப்பாக்கள் எட்மோன், ஜெரார் பேரைச் சொன்னான், கிடங்கு மேஸ்திரி பேரைச் சொன்னான். எல்லாருக்கும் பதில் வந்தது.

மிக அருகில் ஒரு குண்டு விழுந்தது. ஜன்னல் இடுக்கிலிருந்து கோணி பிதுங்கி விழுந்தது. நின்ற வரிசை கதவுப் பக்கம் திரும்பியது. மா சேர் இரண்டு கையையும் விரித்தார்.

லூசியேனின் தலைக்குள் ஒரு பேரும் இல்லை. எதிரே, நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு முகம்தான் இருந்தது.

“சாங்க்தே அடைக்கப்பா!”

“ஒரா ப்ரோ நோபிஸ்!” கூரையே அதிர்ந்தது. செட்டியார் தன்னையறியாமல் கைகூப்பினார்.

இன்னும் இரண்டு முறை அதே பேரைச் சொன்னான். ரீல் சுற்றி முடிந்தது. பிலிமைக் கோத்து மோட்டாரை முன்னோக்கி ஓடவிட்டான். நாய் திரும்பத் திரைக்கு வந்து குரைத்தது. நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

செட்டியார் மூன்றாம் ரீலை எடுத்துக்கொண்டு, புரொஜெக்டரிலிருந்து கசிந்த வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பென்சில் கேட்டு வாங்கி, கையாலேயே திருப்பிச் சுற்றத் தொடங்கினார். பிலிமின் விளிம்பு விரலைக் கீறியது. அவர் நிறுத்தவில்லை.

சற்று நேரம் கழித்து மா சேர் இருட்டில் தட்டுத்தடுமாறி வந்தார். “தீ ஆத்துப் பக்கம் திரும்பிட்டு. கதவப் பூட்டிட்டேன்,” என்றார். பிறகு, “அது யாரு லூசியேன், புதுசா ஒரு புனிதர்?”

செட்டியார் தலையைத் தூக்காமல் சொன்னார்: “நாந்தாங்க. உசுரோட இருக்கேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க.”