நல்ல வார்த்தை சொல்ல வந்தவர்

துறை விசாரணை என்பது வழக்கைப் போன்றதல்ல. வழக்கில் சந்தேகம் இருந்தால் தப்பிக்கலாம். இங்கே, நடந்திருக்கும் என்று நம்ப வைக்க ஒரு வாய் போதும். அந்த ஒரு வாய்கூட அல்போன்சாவுக்கு எதிராக இல்லை.

டெல்லியின் மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் அவள் எழுத்தர். நீதிபதி மேசைக்குப் போகும் வழக்குக் கட்டுகளை வரிசையாக அடுக்குவது அவள் வேலை. மேலே இருக்கும் கட்டு காலையிலேயே கூப்பிடப்படும். அடியில் கிடப்பது சாயங்காலம் வாய்தா வாங்கிக்கொண்டு போகும். குற்றச்சாட்டு இரண்டு. ஞாயிறு பூசை முடிந்ததும், தமிழர்கள் வாழும் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்புக்குப் போய், அனுமதி பெறாமல் மனு எழுதிக் கொடுத்தாள் என்பது ஒன்று. அதை ஒப்புக்கொண்டாள், ஒரு கண்டனத்தோடு போய்விடும். கேம்ப் ஆட்களின் கட்டுகளை மேலே ஏற்றினாள் என்பது இரண்டாவது. நிரூபணமானால் வேலை போய்விடும். அவள் ஏற்றவில்லை. பெயரில்லாத புகாரைத் தவிர ஆதாரமும் இல்லை.

காசு வாங்கவில்லை என்று சொல்வதற்காக, கேம்ப்பிலிருந்து கலியமூர்த்தியை அவளே சாட்சியாக அழைத்திருந்தாள். துப்புரவு வேலை செய்பவர். இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

“காசா? ஒரு டீ கூட வாங்க மாட்டாங்க சார்,” என்றார் இந்தியில். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தெளிவு வேண்டுமென்றால் விசாரணை அதிகாரியும் சாட்சியைக் கேட்கலாம் என்பது விதி.

அதிகாரி ராமசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எந்த ஊர் நீங்க?” என்றார், தமிழில்.

கலியமூர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது. “நம்ம ஆளா சார் நீங்க! விழுப்புரம் பக்கம் சார்.”

“அச்சா. இந்த அம்மா உங்களுக்கு ரொம்ப ஒத்தாசையோ?”

“சாமி மாதிரி சார்!”

கேம்ப்பில் ஒருவரை அளவாகப் புகழ்வது அவரை அவமதிப்பதற்குச் சமம்.

“கோர்ட்டிலேயும் பாத்துப்பாளோ? தயங்காம சொல்லுங்கோ, நம்மளவாதானே.”

“பின்ன! எங்க கட்டுன்னா மேடம் தூக்கி மேல வச்சிடுவாங்க. ஜட்ஜ் ஐயாவே இவங்க சொன்னாத்தான் கேப்பாரு!”

தன் சாட்சியை மறுபடி கேட்க அல்போன்சாவுக்கு உரிமை உண்டு.

“அண்ணாச்சி, நான் என்னைக்காவது உங்க கட்டை மேல வச்சிருக்கேனா? உள்ளதை மட்டும் சொல்லுங்க.”

கலியமூர்த்தி அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தீங்களா சார்? செஞ்சதைச் சொல்லிக்கவே மாட்டாங்க. தங்கமான மனசு.”

“அண்ணாச்சி, என் வேலை போயிரும்!”

“சாட்சியை மிரட்டப்படாது,” என்றார் ராமசுப்ரமணியன் மென்மையாக. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வாக்குமூலம் ஆங்கிலத்தில் தட்டச்சானது. விதிப்படி அதைச் சாட்சிக்குப் புரியும் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். ராமசுப்ரமணியன் ஒரு வரி விடாமல், பொறுமையாக, நல்ல தமிழில் படித்தார். மேலே வைப்பார் என்ற இடத்தில் நிறுத்தி, “சரிதானே?” என்றார்.

“பில்குல் சரி சார்.”

கலியமூர்த்தி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். சாட்சியின் கையெழுத்து விழுந்தபின் அதில் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. நகலைப் பெற்றுக்கொண்டதற்கு அல்போன்சா கையெழுத்திட்டாள்.

வராந்தாவில் கலியமூர்த்தி அவளை நிறுத்தினார். “மேடம், தங்கச்சிக்கு ஒரு மனு எழுதணும். ஞாயித்துக்கிழமை வருவீங்களா?”

கோப்போடு கடந்து போன ராமசுப்ரமணியன் திரும்பினார். “ஞாயிறு எதுக்கு? இனிமே தினமும் வருவா.”

“ரொம்ப தேங்க்ஸ் சார்!” என்று கலியமூர்த்தி கைகூப்பினார்.