ரெகுலாவின் தோளுக்கு ஒரு மெத்தை

பாலாடைக்கட்டி நிலவறையின் ஈரப்படியில் வழுக்கி விழுந்து ரெகுலா பிளான்ட்சர் வலது காறை எலும்பை முறித்துக்கொண்டபோது, எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: இனி அவள் சுடமாட்டாள். எலும்பின் மேல் தகடு வைத்துத் திருகாணி போட்டிருந்தார்கள். துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தோளில் பொருத்துகிற இடத்தை ஒட்டியே அந்தத் தகடு. கட்டையின் அடிப்பக்கமும் இரும்புதான்.

"இரும்பும் இரும்பும் முட்டிக்கும். நடுவுல மாட்டுறது நான்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

நாங்கள் சுடுவது பழைய ராணுவத் துப்பாக்கிகள். போர்க்காலத்தில் எங்கள் தாத்தாக்கள் மலையெல்லையில் காவலுக்குத் தூக்கிப்போன அதே வகை. நன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டால் இன்றைக்கும் முந்நூறு மீட்டரில் பொய் சொல்லாது. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் தோளில் ஒரு குத்து விடும். கட்டை சரியாக உட்காராதவர்கள் மறுநாள் காலையில் சட்டை மாட்டும்போது முனகுவார்கள்.

பனி உருகத் தொடங்கிய ஒரு நாள் ரெகுலா என் பட்டறைக்கு வந்தாள். நான் தோல் வேலைக்காரன். குதிரைச் சேணம், மாட்டு மணிக்கு வார், கிழிந்த சோபாவுக்கு மெத்தை, எது வந்தாலும் தைப்பேன். அவள் தன் துப்பாக்கியை மேசை மேல் கிடத்தினாள்.

"அலோயிஸ், இந்தக் கழுதை உதைக்காம இருக்க ஏதாவது பண்ணு."

"கடையில ரப்பர் உறை விக்குது. வாங்கி மாட்டிக்கோ."

"அக்டோபர் போட்டியில விடமாட்டாங்க. கட்டை வெறுமனேதான் இருக்கணுமாம்."

"அப்ப இந்த வருஷம் போகாத. என்ன இப்போ? தோள் ஆறட்டும்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "போட்டிக்குப் போகலைன்னா அவரை எங்க பார்க்கிறது?"

அவர் யார் என்று நான் கேட்கவில்லை. கணவாய்க்கு அந்தப் பக்கம், பக்கத்து மாநிலமான கிளாரஸில் அணைக்கட்டுக் காவலராக இருக்கும் ஃப்ரிட்லி எல்மர். மனைவியை இழந்தவர். பனி விழுந்து பாதை மூடுவதற்கு முன் மலைப் புல்வெளியில் நடக்கும் போட்டிக்கு இரண்டு பக்கத்துச் சங்கங்களும் வரும். வரிசையில் எங்கள் சங்கம் முடிகிற இடத்தில் அவர்களுடையது தொடங்கும். அதனால் ரெகுலாவும் ஃப்ரிட்லியும் வருஷாவருஷம் பக்கத்துப் பக்கத்தில் முழந்தாளிட்டுச் சுடுவார்கள். பிறகு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்லி சூப் குடிப்பார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு நாள் பேச்சை அடுத்த வருஷம்வரை வைத்துச் சாப்பிடுகிறவள் அவள்.

"ஒரு போன் பண்ணலாமே" என்றேன்.

"பண்ணி என்னன்னு சொல்றது? துப்பாக்கி இல்லாம அங்க நான் யாரு?"

அத்தனை வருஷமும் அவளுக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டிருந்தவன் நான். அதைச் சொல்லியிருக்கலாம். நான் அளவு நாடாவை எடுத்தேன்.

போட்டி விதியெல்லாம் துப்பாக்கிக்குத்தான். உடுப்புக்குள் என்ன இருக்கிறதென்று யாரும் கேட்பதில்லை. முதுகில் புண் உள்ள குதிரைக்குச் சேணம் தைக்கும்போது புண்ணுக்கு நேராகக் குழி விட்டு, பாரம் சுற்றியுள்ள சதையில் இறங்கும்படி செய்வோம். ரெகுலாவுக்கும் அப்படியே ஒரு உள்சட்டை தைப்பதென்று முடிவு செய்தேன். தகடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரிய வேண்டும். அவள் கழுத்துப்பட்டியை விலக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சாக்கட்டியோடு என் விரல் அந்தத் தகட்டின் ஓரமாகவே நகர்ந்தது.

"எத்தனை தடவை அளப்ப? கண்ணு தெரியலையா?"

"பட்டறையில வெளிச்சம் பத்தல" என்றேன். ஜன்னல் வெயில் மேசைவரை விழுந்திருந்தது.

அழுத்திக் கெட்டியாக்கிய கம்பளியும் குதிரை மயிரும் அடுக்கித் தைத்த அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் சுடுகளத்துக்கு வந்தாள். வெடிமருந்து குறைத்த தோட்டாக்களாக நான் செய்து வைத்திருந்தேன். காதுக்குள் பஞ்சு, அதற்கு மேல் காதுமூடி. பாதி பயம் சத்தத்தால் வருவது. வலி தாங்கும்படி இருக்கிறதென்றாள். ஆனால் குண்டெல்லாம் இலக்குக்குக் கீழே மண்ணில் போய் விழுந்தது.

அவள் கவனிக்காதபோது ஒரு வெற்றுத் தோட்டாவை நடுவில் சேர்த்தேன். விசையை அழுத்தினாள். 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம் மட்டும். குழல் முனை தலை குனிந்தது, அவள் தோள் பின்னால் துள்ளியது.

"துப்பாக்கி சும்மாதான் இருந்துது. குதிச்சது நீ" என்றேன்.

"படுபாவி!" என்று தொப்பியால் அடித்தாள். அப்புறம் தாழ்ந்த குரலில், "பயமா இருக்கு அலோயிஸ். விழுந்த அன்னைக்குக் கேட்டுதே, அந்த எலும்புச் சத்தம். விசையைத் தொட்டாலே அது கேக்குது."

"பயந்து தள்ளிப் பிடிக்கிற. தள்ளிப் பிடிச்சா ஓடி வந்து குத்தும். இழுத்து அணைச்சுக்கோ. அப்போ குத்தாது, உன்னையும் சேர்த்துத் தள்ளும். நீயும் கூடவே கொஞ்சம் போ, எதிர்த்து நிக்காத."

என் பக்கம் திரும்பினாள். "துப்பாக்கியைப் பத்தித்தானே பேசுற?"

"வேற எதைப் பத்தி?"

கோடை முழுவதும் வந்தாள். குறைந்த மருந்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினோம். போட்டியிலோ ராணுவத் தோட்டாவைத்தான் கையில் கொடுப்பார்கள். அது முழு மருந்து. அதற்கு அவளுடைய குட்டைத் துப்பாக்கி ஒத்துவரவில்லை. என்னுடையது அதைவிடப் பழைய நீளத் துப்பாக்கி, கனமும் கூட. கனம் கூடினால் உதை மெத்தென்று வரும். அதை அவள் கையில் கொடுத்துவிட்டு அவளுடையதை நான் எடுத்துக்கொண்டேன்.

"உனக்குப் பழகின துப்பாக்கியாச்சே" என்றாள்.

"எனக்குத் தோள் நல்லாத்தானே இருக்கு."

அக்டோபரில் புல்வெளி உறைந்து கிடந்தது. ஃப்ரிட்லி வந்திருந்தார். ரெகுலாவைப் பார்த்ததும் கையிலிருந்த வைக்கோலை அவளுடைய முழங்காலுக்குக் கீழே பரப்பிவிட்டுத் தமக்கு வேறு தேடிப் போனார். சுடும்படி உத்தரவு ஒலித்தது. அவள் கட்டையை இழுத்து அணைத்தாள். முதல் குண்டு போனது. தோள் கூடவே போய்த் திரும்பி வந்தது. இரண்டாவதும் அப்படியே. அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. நான் என் இலக்கைப் பார்க்கவே இல்லை. அந்த வருஷம் எங்கள் சங்கத்திலேயே மோசமாகச் சுட்டவன் நான்தான்.

சூப் பெஞ்சில் நானும் அவர்களோடு உட்கார்ந்தேன்.

"தோள் உடைஞ்சதுன்னு சொன்னாங்க" என்றார் ஃப்ரிட்லி. "நீ வரமாட்டேன்னு நினைச்சேன். நானும் வர வேண்டாம்னு இருந்தேன்."

"நீ ஏன் வர வேண்டாம்?"

"பின்ன? நீ வராத இடத்துக்கு இந்த மலையை ஏறி எதுக்கு வர்றது? இந்த சூப்புக்கா?"

ரெகுலாவின் கரண்டி நின்றது. கழுத்தெல்லாம் சிவந்தது. கிண்ணத்தைத் தள்ளி வைத்து, "பனி விழுந்தா பாதை மூடிடும். அதுக்குள்ள உன் அணையைக் காட்டேன்" என்றாள்.

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வேண்டாத சூப்புக்காக வரிசையில் போய் நின்றேன்.

பாதை மூடுவதற்கு முன் அவள் போனாள். ஒரு முறை வந்து சாமான்களை எடுத்துக்கொண்டாள். என் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றேன். என்னைக் கட்டிக்கொண்டாள். வலதுபக்கத் தோளை மட்டும் கொஞ்சம் விலக்கி வைத்தபடியே கட்டிக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடுகிறதாம். ஃப்ரிட்லி நன்றாகச் சமைக்கிறாராம், உப்பு மட்டும் கூடுதலாம்.

"ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்டாள்.

விசேஷம் ஒன்றும் இல்லை. கெம்ப் வீட்டுச் சிவப்புப் பசு கன்று போட்டதைச் சொன்னேன். தேவாலயக் கூரை ஒழுகுவதைச் சொன்னேன். கீழ்த்தெரு ரொட்டிக்கடைக்காரன் மீசையை எடுத்துவிட்டதையும், மீசையில்லாமல் அவன் எப்படி இருக்கிறான் என்பதையும் விவரமாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். சொல்வதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. அவள் போனை வைத்துவிடக் கூடாதே என்று, அந்தப் பசுவைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.