அஷ்டமியில் கிளம்பும் கப்பல்

மண்ணூர்பேட்டை உலகநாதனுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கொரட்டூர் ஏரிதான். அப்படிப்பட்ட மனுஷர், சீனாவில் நின்றுகொண்டிருந்த ஒரு கப்பலை அன்று காலை தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே மறித்துவிட்டார்.

“நாளைக்குக் கப்பல் கெளம்புதாம். ஞாயித்துக்கெயம, அஷ்டமி. நம்ம மெஷின் அதுல ஏறக் கூடாது. ரெண்டு நாள் கயிச்சு தசமில போவச் சொல்லும்மா,” என்றார், சுவரில் தொங்கிய காலண்டரைத் தட்டிக் காட்டி.

மருமகள் ஜெயப்பிரியாவுக்குத் தலை கிறுகிறுத்தது. தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் பார்த்த கணக்கு வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஷெட்டில் ஸ்வீட் பெட்டி தயாரிக்கப் போகிறேன் என்று துணிந்து இறங்கியவள் அவள். அட்டையை மடித்து ஒட்டிப் பெட்டியாக்கும் மெஷின் சீனாவிலிருந்து வர வேண்டும். கொரட்டூரில் ஸ்வீட் கடை வைத்திருக்கும் சாவித்திரி அம்மாள், “தீபாவளிக்கு முன்னாடி மெஷின் வந்தா ஆர்டர் உனக்கு. இல்லேன்னா வேற ஆளைப் பாக்கறேன். இன்னிக்குள்ள சொல்லிடு” என்று கறாராகச் சொல்லியிருந்தார். முதல் ஆர்டர். அது கைநழுவினால் ஷெட்டில் பல்லிதான் குடித்தனம் நடத்தும்.

ஷெட் மாமனார் பேரில் இருந்ததால் இறக்குமதி உரிமத்தையும் அவர் பேரிலேயே எடுத்திருந்தார்கள். அவர் சம்மதம் என்று மெயில் அனுப்பாமல் சரக்கு ஏறாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிற கதைதான்.

கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஏஜென்ட் ரேஷ்மாவைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள் ஜெயப்பிரியா.

“சார், உங்க ஒரு மெஷினுக்காக முழு கன்டெய்னர் எடுக்கல,” என்றாள் ரேஷ்மா. “வேற ஆளுங்க சரக்கோட சேர்த்து ஏத்தறோம், ஷேர் ஆட்டோ மாதிரி. இன்னிக்கு சாயங்காலம் மூடி சீல் வெச்சிடுவாங்க. அதுக்குள்ள நீங்க சரின்னு சொல்லணும். விட்டீங்கன்னா, அடுத்த கன்டெய்னர் ரொம்பி, கப்பல் ஏறி, இங்க ஹார்பர்ல கஸ்டம்ஸ் முடிஞ்சு வெளிய வர்றதுக்குள்ள தீபாவளி போயிடும்.”

“ஷேர் ஆட்டோக்காரனே எனக்கோசரம் நிப்பான். அம்மாம் பெரிய கப்பக்காரன் நிக்க மாட்டானா?”

“கப்பக்காரன் இன்னா உன் மச்சானா, நீ சொன்னா நிக்கறதுக்கு?” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார் மாமியார் நாகம்மாள்.

உலகநாதன் அசையவில்லை. மருமகள் மேல் அவருக்குக் கோபம் ஒன்றுமில்லை. அவள் முதன்முதலாகக் கால் வைக்கும் காரியம் முளையிலேயே கருகிவிடக் கூடாதே என்ற பயம்தான். அது தெரிந்ததால் ஜெயப்பிரியாவால் சண்டைகூடப் போட முடியவில்லை. பிரியமாக இருப்பவர்களோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று வாழ்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் அவளுக்குக் காசி ஞாபகம் வந்தது. போன வருஷம் மாமனார் தன் சிநேகிதர் துலுக்கானத்தோடு காசிக்குப் போனார். டிக்கெட் சரியாக ஒரு அஷ்டமியில் விழுந்துவிட்டது. மனுஷர் பயணத்தையா நிறுத்தினார்? முன்கூட்டியே நல்ல நாள் பார்த்து, தன் பையைத் திருமுல்லைவாயிலில் துலுக்கானம் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பரஸ்தானம் என்பார்கள். பை வாசலைத் தாண்டிவிட்டால் பயணம் அன்றே தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் ஆள் எந்த நாளில் ரயிலேறினாலும் தோஷமில்லை.

“அக்கா, மெஷின் இப்ப எங்க இருக்கு?” என்று பரபரப்பாகக் கேட்டாள்.

“வியாழக்கிழமையே ஃபேக்டரியிலிருந்து வந்துடுச்சே. அங்க சீனாவுலயே துறைமுகத்துக்குப் பக்கத்துல எங்க குடோன்ல இருக்கு.”

ஜெயப்பிரியா காலண்டரிடம் ஓடினாள். வியாழன், பஞ்சமி.

“மாமா! மெஷின் பஞ்சமியன்னிக்கே பொறந்த ஊட்டை விட்டுக் கெளம்பிடுச்சு. துலுக்கானம் மாமா ஊட்டுல உங்க பை இருந்திச்சே, அது மாதிரி குடோன்ல குந்திகினு கீது!”

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சபை நடுவே தன் நியாயத்தையே எடுத்துத் தன் மேல் வீசுகிறாள் என்பது புரிந்தது. லேசில் மடிகிற ஆளா அவர்?

“குடோனுக்கு எத்தினி மணிக்கு வந்திச்சாம்?”

“மதியம் ரெண்டு மணி சார்,” என்றாள் ரேஷ்மா.

“பாத்தியா! வியாயக்கெயம ரெண்டு மணி ராகு காலம்!”

“அது சீனா மணி மாமா. அவங்க கடியாரம் நம்மளுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும். நம்ம ஊர்ல அப்ப பதினொன்னரைதான்.”

“ராகு காலம் அவங்க மணிக்கா, நம்ம மணிக்கா?”

நாகம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். “சீனாக்காரனா ராகு காலம் பாக்கறான்? பாக்கறது நீதானே. உன் கடியாரத்தைப் பாத்துகினு போய்யா.”

உலகநாதன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். போனை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, சம்மதம் என்று மெயிலை அனுப்பினார்.

சாப்பாட்டு இலையில் கை வைக்கும்போது ரேஷ்மாவிடமிருந்து செய்தி வந்தது. சரக்கு கன்டெய்னரில் ஏறிவிட்டது. துறைமுகத்தில் நெரிசல் என்பதால் கப்பல் மட்டும் ஒரு நாள் தாமதமாகத் திங்கட்கிழமை கிளம்பும். திங்கட்கிழமை நவமி. அஷ்டமிக்கு அக்கா தங்கச்சி மாதிரி அது. ஜெயப்பிரியாவுக்கு மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது. மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டாள்.

உலகநாதன் ரசத்தை உறிஞ்சி முடித்தார். “அன்னிக்கு எங்க காசி ரயிலுந்தான் லேட்டு. பை கெளம்பினது கெளம்பினதுதானே?”

சொல்லி வாய் மூடவில்லை, சாவித்திரி அம்மாளின் போன் வந்தது. பக்கத்திலிருந்த உலகநாதனே எடுத்தார்.

“நான் ஜெயப்பிரியா மாமனார் பேசறேம்மா. மெஷின் வந்துகினே கீது. பொட்டி எங்க கிட்டதான். வேற ஆளு கீளு பாக்காதீங்க. எத்தினி வேணும், இன்னா கலரா? அதெல்லாம் எனக்குத் தெரியாது. இருங்க, மொதலாளி கிட்ட குடுக்கறேன்.”

போனை மருமகளிடம் நீட்டினார். ஜெயப்பிரியா எச்சில் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “சொல்லுங்கம்மா,” என்றாள்.